மழைமானியும் மலைச்சரிவும்: சப்ரகமுவத் தோட்டங்களில் அனர்த்தத்தை அளந்த வரலாறு

இலங்கையின் நடுமலைத் தொடருக்கும் மேற்குக் கரையோரச் சமவெளிக்கும் இடையே படிப்படியாகத் தாழ்ந்து செல்லும் நிலம் சப்ரகமுவ மாகாணம். இரத்தினபுரி, கேகாலை என்னும் இரு மாவட்டங்களைக் கொண்ட இம்மாகாணம் 1889ஆம் ஆண்டில் தனி மாகாணமாக வகுக்கப்பட்டது. மாணிக்கத்தால் பெயர் பெற்ற நகரம் இரத்தினபுரி. அந்த மாணிக்கங்கள் பள்ளத்தாக்கின் அடியில் தாமாகத் தோன்றியவை அல்ல. மலையின் பாறைகள் யுகம் யுகமாகச் சிதைந்து, மழையாலும் வெள்ளத்தாலும் அடித்துக்கொண்டு வரப்பட்டு, ஆற்றுப் படுகைகளில் சரளையாகப் படிந்தன. அச்சரளைப் படையை 'இல்லம்' என்று வழங்குவர்; அதனுள்ளேதான் மாணிக்கம் தேடப்படுகிறது. ஆகவே, அந்நாட்டின் செல்வம் அனைத்தும் மலை சரிந்ததாலும் ஆறு பெருகியதாலும் வந்த செல்வமே. அதே மழையும் அதே சரிவும்தான் அங்கு வாழும் மக்களின் உயிரையும் காலத்துக்குக் காலம் கவர்ந்து சென்றிருக்கின்றன.

இரத்தினபுரியில் ஓராண்டிற் பெய்யும் மழை ஏறக்குறைய 3,700 மில்லிமீற்றர். யாழ்ப்பாணத்தில் ஓராண்டு முழுவதும் பெய்வதைப்போல் இது ஏறத்தாழ மூன்று மடங்காகும். வைகாசி மாதத்தில் தென்மேற்குப் பருவக்காற்று கடலிலிருந்து நீராவியைச் சுமந்து வந்து, சிவனொளிபாதமலைத் தொடரில் மோதி, அதன் மேற்குச் சரிவுகளில் கொட்டித் தீர்க்கிறது. அத்தொடரிற் பிறக்கும் களு கங்கை 129 கிலோமீற்றர் ஓடிக் களுத்துறையிற் கடலோடு கலக்கிறது. மலையிலிருந்து மிகச் செங்குத்தாக இறங்கி வரும் அவ்வாறு, இரத்தினபுரிக்கு அண்மையில் சமநிலத்தை அடைந்ததும் நடை தளர்ந்துவிடுகிறது. விரைந்து வரும் நீர் மெல்ல வெளியேறுமாயின், இடையிலுள்ள பள்ளத்தில் அது தேங்காமல் என் செய்யும்? இரத்தினபுரி நகரம் அடிக்கடி நீரில் மூழ்குவதன் காரணம் இதுவே.

வெள்ளம், மண்சரிவு ஆகிய இரண்டும் அந்நாட்டின் நிலையான இடர்கள். இவை இரண்டும் ஒரே மழையிற் பிறந்தவை எனினும், இயல்பில் வேறானவை. வெள்ளம் தன் சுவடுகளைச் சுவர்களில் விட்டுச் செல்லும். முதியோர் அந்தச் சுவட்டைக் காட்டி, இந்த ஆண்டில் இவ்வளவு உயரம் வந்தது என்பர். 1947ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்துப் பெருவெள்ளம் இரத்தினபுரி மக்களின் நினைவில் அவ்வாறு நீண்டகாலம் அளவுகோலாக நின்றது. மண்சரிவோ அத்தகைய அளவுகோலைத் தருவதில்லை. நூறாண்டு அசையாமல் நின்ற சரிவு ஒரே மாலையில் இறங்கிவிடலாம். முன்பு ஒருபோதும் சரிந்ததில்லை என்பது, இனியும் சரியாது என்பதற்குச் சான்றாகாது. எனவே, மலையின் ஆபத்தை நினைவால் அளக்க முடியாது. ஆராய்ச்சியால் மட்டுமே அளக்க முடியும். இவ்வுண்மை உணரப்படுவதற்குச் சப்ரகமுவத் தோட்டங்களில் ஏறக்குறைய நூறு ஆண்டுகள் சென்றன.

கோப்பிப் பயிரை அழித்த இலைநோய் இலங்கையில் 1869ஆம் ஆண்டிற் காணப்பட்டது. அதன்பின் தேயிலை மலைகளை ஆண்டது. இறப்பர் விதைகள் 1876இல் ஹேனரத்கொடைத் தோட்டத்திற்கு வந்து சேர்ந்தன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உலகச் சந்தையில் இறப்பரின் விலை ஏறி, 1910ஆம் ஆண்டளவில் உச்சத்தைத் தொட்டது. அவ்வாண்டுகளிலேயே எட்டியாந்தோட்டை, தெரணியகலை, தெஹியோவிட்ட, இரத்தினபுரி ஆகிய பகுதிகளிற் காடுகள் விரைவாக வெட்டப்பட்டு இறப்பர் நடப்பட்டது. களனிப் பள்ளத்தாக்குப் புகையிரதப் பாதை முதலில் எட்டியாந்தோட்டையையும், பின்னர் 1912இல் இரத்தினபுரியையும், 1919இல் ஒப்பநாயக்கவையும் எட்டியது. பலாங்கொடை, இறக்குவானை முதலிய பகுதிகளில் தேயிலையும் பரவிற்று.

இத்தோட்டங்களைத் திறக்கத் தென்னிந்தியாவிலிருந்து கங்காணிமார் மூலம் அழைத்து வரப்பட்ட தமிழ்த் தொழிலாளர் லயங்களில் குடியமர்த்தப்பட்டனர். லயத்துக்கு இடம் தெரிந்த முறையைச் சிறிது நோக்குதல் வேண்டும். வேலைத்தலத்துக்கு அண்மையில் இருத்தல், நீர் கிடைத்தல், பயிருக்குரிய நல்ல நிலத்தைக் கொள்ளாதிருத்தல் என்பனவே பொதுவாகக் கருதப்பட்டன. ஆகவே, சரிவின் மடியிலும், ஓடையின் கரையிலும், மலையை வெட்டிச் சமன் செய்த திட்டிலும் லயங்கள் எழுந்தன. மேலேயுள்ள மண் எத்தன்மையது, அது நனைந்தால் எங்கே இறங்கும் என்னும் கேள்வி அன்று கேட்கப்படவில்லை. கேட்பதற்குரிய அறிவியலும் அன்று வளர்ந்திருக்கவில்லை.

ஆயினும், மழையை அளக்கும் வழக்கம் தோட்டங்களில் இருந்தது. தோட்டக் கந்தோரின் முற்றத்தில் மழைமானி ஒன்று நிறுத்தப்பட்டிருக்கும். ஒவ்வொரு நாட்காலையும் அதிலுள்ள நீர் அளக்கப்பட்டு, அங்குலமும் சதமுமாகப் பேரேட்டில் எழுதப்படும். கொழும்பு வானிலை அவதான நிலையம் 1907இல் அமைந்தபின், இத்தகைய தோட்டக் கணக்குகள் பலவும் நாட்டின் மழைப்பதிவுகளோடு சேர்ந்தன. மலைநாட்டின் மழையைப்பற்றி இன்று அறியப்படுவதில் பெரும்பங்கு தோட்டக் கந்தோர்களின் கொடையாகும். ஆனால், அக்கணக்கின் நோக்கம் வேறு. காலையில் மழை பெய்தால் இறப்பர் மரத்திற் பால் வெட்ட இயலாது. மழை குறைந்தால் கொழுந்து குறையும். மழைமானி விளைச்சலைக் கணிக்கும் கருவியாகவே விளங்கிற்று. பேரேட்டில் ஓரிரவில் ஆறு அங்குலம் எனப் பதிவானபோது, மறுநாட் பிரட்டில் எத்தனை பேருக்கு வேலை கொடுப்பது என்பது ஆராயப்பட்டது. கீழ்லயத்து மக்களை எங்கே அனுப்புவது என்பது ஆராயப்படவில்லை.

மண்ணைப்பற்றிய கவலையும் நெடுங்காலமாக இருந்தே வந்தது. 5,000 அடிக்கு மேற்பட்ட மலைக்காடுகளை வெட்டாது காக்கவேண்டும் என்று, கியூ தாவரவியற் பூங்காவின் தலைவராயிருந்த ஜோசப் ஹூக்கர் 1873இல் எடுத்துரைத்தார். மண்ணரிப்பை ஆராய அமைந்த குழு 1931இல் தன் அறிக்கையை வெளியிட்டது. சுதந்திரத்தின்பின் 1951இல் மண் பேணுகைச் சட்டம் நிறைவேறிற்று. சமமட்டக் கான் வெட்டுதல், கல்லணை கட்டுதல், மூடுபயிர் இடுதல் முதலிய முறைகள் தோட்டங்களில் வழக்கத்துக்கு வந்தன. இவை நற்பணிகளே. எனினும், அன்று அஞ்சப்பட்டது மேல்மண்ணின் இழப்பு. நிலத்தின் வளம் குன்றிவிடுமே என்னும் அச்சம். மண் மேற்பரப்பில் அரிபடுவது வேறு. மலையின் ஒரு பகுதி முழுதாகக் கழன்று இறங்குவது வேறு. முன்னதற்குக் கான் காவல். பின்னதற்கோ, தூர்ந்துபோன கானே சில வேளைகளில் காரணமாகிவிடும். ஓட வேண்டிய நீர் தேங்கி நிலத்துள் இறங்கி, பாறைக்கும் மண்ணுக்கும் இடையே புகுந்து, மண்ணின் பிடியைத் தளர்த்திவிடுகிறது.

1989ஆம் ஆண்டு ஜூன் மாதத்திற் பெய்த அடைமழை இந்த வேறுபாட்டைக் கொடிய முறையில் உணர்த்திற்று. நாட்டில் 300க்கு மேற்பட்டோர் மாண்டனர். கேகாலை மாவட்டத்து மலைச்சரிவுகள் பல கழன்று விழுந்தன. 1984இல் நிறுவப்பட்டிருந்த தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம், ஐக்கிய நாடுகள் அபிவிருத்தித் திட்டத்தின் துணையோடு, மண்சரிவு ஆபத்து வலயப் படம் வரையும் பணியை 1990களின் தொடக்கத்தில் ஏற்றது. பதுளை, நுவரெலியா மாவட்டங்களில் தொடங்கிய அப்பணி பின்னர் இரத்தினபுரி, கேகாலை உள்ளிட்ட ஏனைய மாவட்டங்களுக்கும் விரிந்தது.

அப்படம் வரையப்படும் முறை அறியத்தக்கது. ஒரு சரிவை ஆராய்வோர் அடியிலுள்ள பாறையின் வகையும் சாய்வும் யாது, அதன்மேற் கிடக்கும் மண்ணின் ஆழம் எவ்வளவு, சரிவு எத்தனை பாகை, நிலத்தின் உருவம் குழிவா குவிவா, நீர் எவ்வழி இறங்குகிறது, நிலம் எதற்குப் பயன்படுகிறது என்பவற்றை ஒவ்வொன்றாக ஆராய்வர். ஒவ்வொரு காரணிக்கும் ஒரு மதிப்பெண் இடப்படும். மதிப்பெண்களைக் கூட்டிப் பார்த்து, ஆபத்து மிகுந்த நிலம், மிதமான நிலம், ஆபத்துக் குறைந்த நிலம் என நிறங்களாற் பிரித்துக் காட்டுவர். மருத்துவர் நாடியையும் நாவையும் கண்ணையும் பார்த்து நோயாளியின் நிலையைத் தேர்வது போன்ற முறை இது. இந்நிலம் இன்ன நாளிற் சரியும் என்று படம் கூறாது. இங்கே வீடு கட்டுவோர் எத்தகைய நிலத்தின்மேல் நிற்கின்றனர் என்பதையே கூறும்.

ஆபத்தும் இடரும் ஒன்றல்ல என்பதையும் இங்கே மனத்திற் கொள்ளுதல் நலம். ஆளில்லாத காட்டில் மலை சரிந்தால் அது இயற்கை நிகழ்ச்சி மாத்திரமே. அதே சரிவின் கீழ் இருபது குடும்பங்கள் வாழும் லயம் இருந்தால் அது இடராகிறது. அக்குடும்பங்களுக்கு இரவில் ஓடுவதற்குப் பாதையில்லை, செய்தி சொல்வோரில்லை, போய்த் தங்க வேறிடமில்லை எனின், இடர் பன்மடங்காகிறது. எனவே, அனர்த்தத்தை மதிப்பிடுவோர் மலையோடு மனிதரையும் அளக்க வேண்டியவராகின்றனர்.

படங்கள் வரையப்பட்டு வந்த காலத்திலும் மலைகள் காத்திருக்கவில்லை. 1993ஆம் ஆண்டு அக்டோபரில் இரத்தினபுரி ஹெலவுடவில் நிகழ்ந்த சரிவில் ஏறத்தாழ முப்பது பேர் இறந்தனர். 2003ஆம் ஆண்டு மே மாதம் 17ஆந் தேதி தென்மேற்கு இலங்கையைத் தாக்கிய மழையில் 250 பேரளவில் உயிரிழந்தனர். இரத்தினபுரி மாவட்டத்தில் மட்டும் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். நகரத்தில் 1947க்குப் பின் காணாத உயரத்துக்கு வெள்ளம் ஏறிற்று.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை நாட்டை உலுக்கிய பின்னரே, அனர்த்த முகாமைக்கெனத் தனிச்சட்டம் 2005இற் பிறந்தது. அதன்வழி அனர்த்த முகாமைத்துவ மத்திய நிலையம் அமைந்தது. ஆற்றின் உயரத்துக்கும் மழையின் அளவுக்கும் எச்சரிக்கை எல்லைகள் வகுக்கப்பட்டன. இரத்தினபுரி நீர்மானியில் 5.2 மீற்றர் விழிப்பு நிலை, 7.5 மீற்றர் சிறுவெள்ளம், 9.5 மீற்றர் பெருவெள்ளம். மலைச்சரிவுகளுக்கோ மழையே அளவுகோல். இருபத்துநான்கு மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால் விழிப்பாயிருக்க வேண்டும். 100 மில்லிமீற்றர் பெய்தால் வெளியேற ஆயத்தமாக வேண்டும். 150 மில்லிமீற்றர் பெய்தாலோ, ஒரே மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தாலோ, உடனே வெளியேற வேண்டும். பழைய கணக்கில் இவை ஏறக்குறைய மூன்று, நான்கு, ஆறு அங்குலங்களாகும். கந்தோர்ப் பேரேட்டில் விளைச்சலுக்காக எழுதப்பட்ட அதே எண்கள், நூறாண்டு கழித்து உயிர்காக்கும் எண்களாக மாறின. இதனைச் சப்ரகமுவ வரலாற்றின் ஒரு முக்கியமான திருப்பம் எனலாம்.

ஆனால், எண் இருந்தால் மட்டும் போதாது என்பதை 2016 உணர்த்திற்று. ரோனு என்று பின்னர் பெயர் பெற்ற சூறாவளி வங்கக் கடலில் உருவாகுங்காலத்தில், நாடெங்கும் நாட்கணக்காக மழை பொழிந்தது. மே மாதம் 17ஆந் தேதி மாலை கேகாலை மாவட்டத்து அரநாயக்கவில் சாமசர மலை பிளந்து இறங்கிற்று. சேறும் பாறையும் ஏறக்குறைய 2 கிலோமீற்றர் தூரம் பாய்ந்து, எலங்கபிட்டிய, சிரிபுர, பல்லேபாகே ஆகிய கிராமங்களை மூடின. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அவருட் பலருடைய உடல்கள் கிடைக்கவேயில்லை. அதே நாளில் புளத்கொஹுபிட்டியவில் களுபஹனத் தோட்டத்து லயமொன்றும் மண்ணுள் மறைந்தது. அங்கிருந்த தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் குழந்தைகளோடு அழிந்தன. சிங்களக் கிராமமும் தமிழ் லயமும் ஒரே மழையில் ஒரே முடிவை எய்தின. மலை இனம் பார்ப்பதில்லை.

அரநாயக்க அறிஞருக்கும் ஒரு பாடம் புகட்டிற்று. சரிவின் மேல் வாழ்வோர் மட்டுமன்றி, அதற்கு வெகு தூரத்தே அடிவாரத்தில் வாழ்வோரும் ஆபத்துக்குள் இருக்கின்றனர். எங்கே கழலும் என்பதோடு, கழன்றது எதுவரை பாயும் என்பதையும் அளக்க வேண்டும் என்னும் தேவை அதன்பின் வலுப்பெற்றது. அடுத்த ஆண்டு, 2017 மே மாத இறுதியில், இரத்தினபுரி, களுத்துறை, காலி, மாத்தறை மாவட்டங்களில் வெள்ளமும் சரிவும் மீண்டும் 200க்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டன. 2003, 2016, 2017 ஆகிய மூன்றும் மே மாதத்தின் பிற்பாதியில், பருவக்காற்று தொடங்கும் வேளையில் நிகழ்ந்தவை என்பது கருதத்தக்கது. நாட்காட்டியும் ஓர் எச்சரிக்கைக் கருவியே.

இனி, அறிந்த பின்னும் காக்க முடியாமற் போவதேன் என்னும் வினா எழுகிறது. அயல் மாகாணமாகிய ஊவாவில், கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்து லயங்களை 2014ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆந் தேதி காலை மண் மூடிற்று. அவ்விடம் வாழத்தக்கதன்று, மக்களை வேறிடம் மாற்றுக என 2005இலும் 2011இலும் அறிவுறுத்தப்பட்டிருந்தது. அறிவு குறைவாயிருந்து நேர்ந்த சாவன்று அது. அறிவுக்கும் செயலுக்கும் இடையே கிடந்த பள்ளத்தில் விழுந்த சாவு.

அந்தப் பள்ளத்துக்கு வரலாறு உண்டு. கிராமத்தவனுக்கு வீடு ஆபத்தென்றால், அவன் பெயரில் நிலம் உண்டு, பதிவுண்டு, கேட்பதற்கு வழியுண்டு. லயத்தில் வாழ்பவனுக்கோ வீடும் நிலமும் தோட்டத்துடையவை. 1972, 1975 ஆகிய ஆண்டுகளில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் முகாமை தனியார் கம்பனிகளிடம் சென்றது. உடைமை கைமாறிய போதெல்லாம் லயம் இருந்தவிடத்திலேயே இருந்தது. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமை இழந்த மக்களுள் எஞ்சியோர்க்கு அவ்வுரிமை முழுமையாகக் கிட்டியது 2003ஆம் ஆண்டுச் சட்டத்தாலேயே. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம் தோட்டங்களுள் சபையின் பணத்தைச் செலவிடத் தடையாயிருந்தது. அத்தடை 2018ஆம் ஆண்டுத் திருத்தத்தால் நீங்கிற்று. தோட்டக் குடும்பத்துக்கு ஏழு பேர்ச் நிலத்தோடு தனிவீடு என்னும் திட்டம் 2015க்குப் பின்னரே உருப்பெற்றது. ஒரு சரிவின் மதிப்பெண்ணைக் கணிக்கும்போது பாறையும் மண்ணும் மழையும் எண்ணப்படுகின்றன. நிலவுரிமையின்மையும் ஒரு காரணியாக எண்ணப்படுமாயின், சப்ரகமுவ லயங்கள் பலவற்றின் நிறம் படத்தில் இன்னும் கடுஞ்சிவப்பாகிவிடும்.

இது சப்ரகமுவவுக்கு மட்டும் உரிய நிலையன்று. கேரளத்தில் மூணாற்றுக்கு அண்மையிலுள்ள பெட்டிமுடியில், 2020ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆந் தேதி இரவு, தமிழ்த் தொழிலாளரின் லயங்கள் மண்ணில் புதைந்து 70 பேர் இறந்தனர். பாக்கு நீரிணையின் இருபுறமும் ஒரே வகையான குடியிருப்பு, ஒரே வகையான முடிவு. மாறாக, ஹொங்கொங் நகரைச் சான்றாகக் காட்டலாம். அங்கு 1972ஆம் ஆண்டு ஜூன் 18இல் ஒரே நாளில் நிகழ்ந்த இரு சரிவுகளில் 130க்கு மேற்பட்டோர் மாண்டனர். அதன்பின் 1977இல் சரிவுகளைக் கண்காணிப்பதற்கெனவே தனி அலுவலகம் அமைந்தது. மனிதன் வெட்டிய ஒவ்வொரு சரிவும் எண்ணிடப்பட்டு, ஆராயப்பட்டு, பழுதானவை வலுப்படுத்தப்பட்டன. மழை குறையவில்லை; சாவு குறைந்தது. ஆபத்தை ஒழிக்க முடியாவிடினும் இடரைக் குறைக்க முடியும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

அறிஞர் தரும் படத்தோடு மக்களின் கண்ணும் சேரவேண்டும். நிலத்திற் புதிதாய் வெடிப்புத் தோன்றுதல், சுவரும் திண்ணையும் பிளத்தல், நேராக நின்ற மரம் சாய்தல், தெளிந்து வந்த பீலிநீர் கலங்குதல், ஊற்றொன்று திடீரென வற்றுதல் அல்லது புதிதாய்ப் பெருகுதல் ஆகியவை மலை தரும் அறிகுறிகள். இவற்றை முதலிற் காண்பவர் கொழும்பிலிருக்கும் அதிகாரியல்லர். விடியுமுன் பீலிக்கரையில் நீர் பிடிக்கும் பெண்ணும், பால்வெட்டக் கத்தியோடு மரம் மரமாக ஏறி இறங்கும் தொழிலாளியுமே காண்பர். எளிய மழைமானிகள் கிராமங்களிலும் மக்கள் கையிலேயே கொடுக்கப்படுவது இக்காரணம் பற்றியே. அவர் கண்டதைச் சொல்ல ஓரிடமும், சொன்னதைக் கேட்டு இரவிலேயே செயற்பட ஒருவரும், சென்று தங்கப் பாதுகாப்பான ஒரு பாடசாலையோ கோயில் மண்டபமோ இருத்தல் வேண்டும். எச்சரிக்கை அவருக்கு விளங்கும் மொழியில் வருதல் வேண்டும் என்பது சொல்லாமலே அமையும்.

2025ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் டிட்வா சூறாவளி இலங்கையைக் கடந்தபோது, கண்டி, பதுளை, நுவரெலியா, கேகாலை முதலிய மலை மாவட்டங்களிற் சரிவுகள் பல நிகழ்ந்தன. நாட்டில் 600க்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். பருவக்காற்று வரும் மாதத்தை மட்டும் அஞ்சினாற் போதாது, கார்த்திகை மழையையும் அஞ்சவேண்டும் என்று அது காட்டிற்று.

மழையை அளக்க மனிதன் கற்று நூறாண்டு ஆயிற்று. மலையை அளக்கக் கற்று முப்பது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. இவ்விரண்டு அளவுகளும் இன்று கையில் உள்ளன. அளந்து ஆபத்தெனக் கண்ட நிலத்திலிருந்து மக்களை அகற்றி, உரிமையுள்ள நல்ல நிலத்தில் அவரைக் குடியேற்றுவதே எஞ்சிய பணி. அது செய்யப்படுமளவும், ஆபத்து வலயப் படத்திலுள்ள ஒவ்வொரு சிவப்புப் புள்ளியும் ஒரு லயத்தின் பெயரையும், அதனுள் உறங்கும் குடும்பங்களின் எண்ணிக்கையையும் தாங்கிக் காத்துக்கொண்டிருக்கும்.